த்ரீ எஃப் டப்பாவை எடுங்கள்

கேள்வி: இத்தாலியில் செய்த, கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி மாதிரி ரிவால்வர் வாங்கியிருக்கிறேன். .36 அளவு, உடற்சட்டம் பித்தளை. வெடிமருந்து வாங்கப் போனால் கடையில் நாலைந்து வகை டப்பாக்கள். கூட வேலை செய்யும் நண்பரோ, "என்னிடம் 9 எம்எம் தோட்டாவுக்குப் போடும் பவுடர் இருக்கிறது, நாலு கிரெயின் (மருந்து அளக்கும் சிறு அலகு) போடு, ஒன்றும் ஆகாது" என்கிறார். எதைப் போடுவது?
– வாசகர், சின்சினாட்டி

பதில்: தம்பி, முதலில் அந்த 9 எம்எம் பவுடரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலு கிரெயினும் வேண்டாம், ஒரு கிரெயினும் வேண்டாம். அவர் கையில் இருப்பது புகையில்லா மருந்து. அந்த வகையை பிரான்ஸில் பால் வியெய் உருவாக்கியது 1884-இல். உங்கள் ரிவால்வரின் வடிவம் அதற்கு 33 ஆண்டு மூத்தது.

கருமருந்து, அதாவது உங்கள் ரிவால்வர் காலத்துப் பழைய வெடிமருந்து, எரியும் வேகம் அழுத்தம் கூடினாலும் பெரிதாக மாறாது. புகையில்லா மருந்து அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றும். மருந்தையும் ஈய உருண்டையையும் நேராகப் போடும் உங்கள் சுழல் சிலிண்டரின் சுவர் அதைத் தாங்காது. பின்பக்கம் நிப்பிள், அதாவது நெருப்பு உள்ளே போகும் சிறு குழாய், அதன் துளை வேறு இருக்கிறது. அதை மூடியிருப்பது அடித்தால் பொறி விடும் மெல்லிய கேப் ஒன்றுதான். நிறத்தைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். புகையில்லா மருந்துக்கும் கிராஃபைட் பூச்சு உண்டு, அதுவும் கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். பெயர் தெரியாத திறந்த டப்பா சும்மா கிடைத்தாலும் தொடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? உண்மையான கருமருந்து கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. டப்பாவில் எஃப் எழுத்துகள் இருக்கும். எழுத்து கூடக் கூட மணி பொடியாகும். ஒரு எஃப் பெரிய குழல்களுக்கு, இரண்டு எஃப் பெரிய அளவு நீள் துப்பாக்கிகளுக்கு, நாலு எஃப் பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணத்தில் பற்றவைப்பதற்கு. ரிவால்வருக்கு மூன்று எஃப். குட்டையான குழலுக்குள் முழுதாக எரிந்து முடிய அந்தப் பொடி அளவு தேவை. சுவிஸ், ஷூட்சன், கோயெக்ஸ் மூன்றுமே நல்ல மருந்து. சுவிஸ் கொஞ்சம் வீரியம் கூடியது, அதனால் அளவைக் குறைத்துத் தொடங்குங்கள்.

உங்கள் ஊர்க் கடையில் கருமருந்து இல்லாமல் போகலாம். அதைச் சேமித்து வைக்கக் கடுமையான விதிகள் இருப்பதால் பல கடைக்காரர்கள் மாற்று மருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படியானால் பைரோடெக்ஸ் 'பி' வாங்குங்கள், ரிவால்வருக்கென்றே வந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாற்று மருந்தைத் தராசில் எடை போடக் கூடாது. கருமருந்துக்கான அளவுக் குழலில் கொள்ளளவாகத்தான் அளக்க வேண்டும். பைரோடெக்ஸ் எடை குறைந்தது. தராசில் 20 கிரெயின் நிறுத்தால், அளவுக் குழலில் அது 20-க்கு மேல் போய்விடும். ட்ரிபிள் செவன் வாங்கினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கந்தகம் இல்லாததால் கழுவுவது சுலபம், ஆனால் வீரியம் அதிகம். அதே கொள்ளளவில் 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். 1847-இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரில், சிலிண்டரில் மருந்து போடும் ஒவ்வொரு அறையும் 60 கிரெயின் பிடித்தது. சில சிலிண்டர்கள் வெடித்தே போயின. அடுத்து வந்த டிராகூன் மாதிரியில் சிலிண்டரையே குட்டையாக்கினார்கள். கோல்ட் செய்த அசல் நேவிக்குப் பித்தளைச் சட்டம் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் பட்டறை பித்தளையில் வார்த்தது. பித்தளை மெது உலோகம். அதிக மருந்து போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தால் சிலிண்டரின் பின்பகுதி சட்டத்தில் பதிந்து, நாளடைவில் எல்லாம் தளர்ந்துவிடும். 15 கிரெயினில் தொடங்குங்கள், 20-ஐத் தாண்ட வேண்டாம். 20 கிரெயின் என்றால் சுமார் 1.3 கிராம். 25 மீட்டரில் காகிதத்தில் ஓட்டை போட அது தாராளம், குறியும் நன்றாக விழும்.

மருந்து குறைந்தால் அறையில் இடம் மிஞ்சுமே என்பீர்கள். மிஞ்சக் கூடாது. மருந்துக்கும் ஈய உருண்டைக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பது ஆபத்து. ஐரோப்பியப் போட்டிக்காரர்கள் மருந்துக்கு மேல் ரவையைப் போட்டு நிரப்புகிறார்கள். உப்புமா ரவையேதான்! நானும் அதைத்தான் செய்கிறேன். உருண்டை அறையின் வாய்க்குப் பக்கமாக உட்காருவதால் குறிக்கும் அது நல்லது.

அப்புறம், மருந்துக் குடுவையிலிருந்து நேராக அறைக்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் குடுவை கையிலேயே வெடிக்கும். தனி அளவுக் குழலில் எடுத்து ஊற்றுங்கள். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் விடுங்கள். கரி ஈரத்தை இழுக்கும்; ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.

கேள்வி: ஒரு அறை வெடிக்கும்போது பக்கத்து அறையும் சேர்ந்து வெடிக்கும் என்கிறார்களே, மருந்தை மாற்றினால் தவிர்க்கலாமா?
– வாசகர், டெட்ராய்ட்

பதில்: மருந்தால் வருவதில்லை, இடுக்கால் வருவது. உருண்டை அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நெம்புகோலால் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி விழுந்தால் அடைப்பு சரி. விழாவிட்டால் அடுத்த அளவு உருண்டை வாங்குங்கள். உருண்டைக்குக் கீழே கொழுப்பு ஏற்றிய கம்பளி வட்டு ஒன்று வையுங்கள். கேப் நிப்பிளில் இறுக்கமாக உட்கார்கிறதா என்றும் பாருங்கள், நெருப்பு அந்த வழியாகவும் நுழையும்.