கைநாட்டு வைத்தவர் உங்கள் தாயார்

கேள்வி: வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் எட்டு மாதத் தவணை நிற்கிறது. அடுத்த வாரம் நீதிமன்ற ஊழியரான அமீனாவோடு வந்து கட்டில், பீரோவை ஜப்தி செய்வோம் என்று வசூல் முகவர்கள் வாசலில் நின்று மிரட்டுகிறார்கள். இதற்கிடையே மூன்று வாரத்துக்கு முன் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு தபாலை, நான் கடையில் இருந்ததால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கைநாட்டு வைத்து வாங்கினார். அதை நான் பிரிக்கவில்லை. ஜப்தியை எப்படித் தடுப்பது? – ராஜபாளையம் வாசகர்.

பதில்: முகவருக்கு ஜப்தி செய்யும் அதிகாரமே கிடையாது. வங்கி வழக்குத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, அதை நிறைவேற்றக் கோரி மனு போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அமீனா உங்கள் வாசலுக்கு வர முடியும். அப்போதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, தாலி ஆகியவற்றை எடுக்க முடியாது, பீரோவை எடுக்கலாம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் முகவர்கள் தொலைபேசியில் தொல்லை தருவதை ரிசர்வ் வங்கி 2022இல் தடை செய்துவிட்டது. மீறினால் நாள், நேரம் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

மிரட்டலைப் பற்றி இவ்வளவு போதும். நீங்கள் பயப்பட வேண்டியது, போகிற போக்கில் குறிப்பிட்டீர்களே, அந்த உறையைப் பார்த்துத்தான். அதில் இருப்பது வழக்குக்கு வரச் சொல்லும் அழைப்பாணை (சம்மன்) என்றால், நீங்கள் இல்லாதபோது உடன் வசிக்கும் தாயார் வாங்கியதை உங்களிடமே சேர்ப்பித்ததாக நீதிமன்றம் ஏற்க இடமுண்டு. எதிருரைக்கு, அதாவது எழுத்தில் பதில் தர, காலம் 30 நாள். அதில் மூன்று வாரத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியோ என்னவோ தொலைத்துவிட்டீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும். முகவர் சொன்ன பொய்யை மெய்யாக்கும் வேலையை நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இதைவிட எனக்குக் கோபம் தருவது, எதற்குக் கைநாட்டு வைத்தோம் என்று அந்தத் தாயாருக்கு இன்றுவரை தெரியாது என்பது. வாசலில் கத்துகிறவர்களின் முகத்தில் நாள்தோறும் விழிப்பவர் அவர். தன் கையால்தான் மகனுக்குக் கேடு வந்ததோ என்று அவர் உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வீட்டாருக்குக் கவலை தரக் கூடாதென்று மறைத்தேன் என்ற சமாதானத்தை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன், ஒருமுறைகூட அதை ஏற்க எனக்கு மனம் வந்ததில்லை. தெருவே கேட்ட செய்தியைப் பெற்றவளுக்குத் தன் வாயால் சொல்ல ஒரு மகன் கடமைப்பட்டவன்.

இன்றிரவே அம்மாவை அருகில் உட்காரவைத்து, உறையைப் பிரித்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். வைத்த கைநாட்டில் அவர் தவறு எதுவும் இல்லை என்பதையும் அப்போதே சொல்லுங்கள். விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைவென்றால் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார், 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தவணையாகக் கட்ட அனுமதி கேட்க வழியிருக்கிறது. மாதம் எவ்வளவு முடியும் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்து, அந்தத் தொகையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.