லிங்கன்தான் விடுதலை கொடுத்துவிட்டாரே, அப்புறம் எதற்கு நூறு வருடம்?

கேள்வி: பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பேரன், "1863லயே லிங்கன் அடிமைகளை விடுவிச்சிட்டார்னா, 1963ல மார்ட்டின் லூதர் கிங் எதுக்குப் பாட்டி பேரணி போகணும்?" என்று கேட்கிறான். மருமகனோ, "அந்த உள்நாட்டுப் போரே அடிமை முறைக்காக நடக்கலை, மாநில உரிமைக்காகத்தான்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்கிறார். பிள்ளைக்கு என்ன சொல்ல?
– ஒரு வாசகி

பதில்: டீச்சர், "அடிமை முறையை ஒழித்தவர் யார்?" என்ற ஒரு மார்க் கேள்விக்கு "ஆபிரகாம் லிங்கன்" என்று எழுதித் தேறியவன்தான் நானும். உங்கள் பேரன் கேட்டிருப்பது பத்து மார்க் கேள்வி.

மருமகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணைத் தலைவராக இருந்தவர் உங்கள் ஜார்ஜியாக்காரர்தான், அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். போர் மூளும் முன்பே, 1861 மார்ச்சில் சவானா நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமையாக இருப்பதே அவர்களுக்கு இயல்பு, எங்கள் புது அரசின் மூலைக்கல்லே இதுதான் என்றார். மாநில உரிமை என்றால் எதைச் செய்கிற உரிமை என்று மருமகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

இனி பேரன். லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான். லிங்கன் பக்கமே நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களின் அடிமைகள் அதில் சேர்த்தி இல்லை. நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில், 13வது அரசியல் சட்டத் திருத்தத்தால். 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். விடுதலை கிடைத்தது, சரி. மறுநாள் காலையில் இவர்கள் எங்கே போவார்கள், எதைச் சாப்பிடுவார்கள்?

இதைக் கேட்க வேண்டும் என்று அரசுக்கு ஒரே ஒரு தடவை தோன்றியது. அதே சவானாவில், 1865 ஜனவரி 12 இரவு, லிங்கன் படையின் ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறைச் செயலாளர் ஸ்டாண்டனும் இருபது கறுப்பின மதபோதகர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பாகப் பதில் சொன்னவர் கேரிசன் ஃபிரேசியர். வயது 67. தன்னையும் தன் மனைவியையும் தங்கமும் வெள்ளியுமாக ஆயிரம் டாலர் கொடுத்து விலைக்கு வாங்கி மீட்டவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒருவனின் உழைப்பை அவன் சம்மதமில்லாமல், எதிர்க்க முடியாத பலத்தால் பறித்துக்கொள்வது என்றார். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டும்? நிலம் வேண்டும், எங்கள் கையால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார்.

நான்காம் நாள் ஷெர்மனின் உத்தரவு வந்தது: கடற்கரையோரப் பண்ணைகளைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுங்கள். (கூடவே ஒரு கோவேறு கழுதையும் என்று சொல்வார்கள், உத்தரவில் கழுதை கிடையாது.) ஜூனுக்குள் சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்துவிட்டார்கள். அதற்குள் லிங்கன் சுடப்பட்டு இறந்து, ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராக வந்திருந்தார். அவர் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில், அந்தச் செய்தியைச் சொல்ல, விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் நேரில் போனார். நிலச் சொந்தக்காரர்களை மன்னித்துவிடுங்கள் என்று வேறு கேட்டுக்கொண்டார். தீவு மக்கள் எழுதிய பதில் மனு இன்றும் இருக்கிறது. என்னை மரத்தில் கட்டி 39 கசையடி அடித்தவனை, என் தாயையும் தங்கையையும் துணியுரிந்து அடித்தவனை, இன்று தன் காலிக் குடிசையில்கூட, தான் சொல்கிற கூலிக்கு உழைத்தால்தான் இடம் என்கிறவனை எப்படி மன்னிப்பது என்று கேட்டிருந்தார்கள்.

இன்னொரு கணக்கையும் பேரனுக்குச் சொல்லுங்கள். 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது நஷ்டஈடு கொடுத்தது அரசு, தலைக்கு 300 டாலர் வரை. யாருக்கு? எஜமானர்களுக்கு.

நிலம் போனதும் மீதி தானாக நடந்தது. அதே பண்ணையில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் செய்தார்கள். விதையும் மாவும் கடனுக்கு வாங்கி, அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கிதான் நின்றது. வேலையில்லாமல் திரிவது குற்றம் என்று சட்டம் போட்டு, அபராதம் கட்ட முடியாதவனை வேலைக்கு ஏலம் விட்டார்கள். நடுவில் நல்ல காலமும் கொஞ்சம் வந்தது: குடியுரிமை, ஓட்டுரிமை, 1870இல் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவல்ஸ். 1877இல் அதிபர் தேர்தல் இழுபறியை முடிக்க ஒரு பேரம் நடந்தது. தெற்கில் கறுப்பினத்தவருக்குக் காவலாக நின்ற ராணுவத்தை ஒதுங்கச் சொன்னார்கள். அப்புறம் ஓட்டுரிமையும் பறிபோனது: லூசியானாவில் 1896இல் பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர், 1904இல் 1,342.

என்னைக் கேட்டால், வடக்கும் தெற்கும் சண்டை போட்டது பங்காளிச் சண்டை மாதிரிதான் முடிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துவிட்டு, பங்காளிகள் ராசியாகிவிட்டார்கள். வழக்கு யாரைப் பற்றியதோ அவரைத் திண்ணையில் நிறுத்திவிட்டு உள்ளே பந்தி நடந்தது. 1913இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இருதரப்பிலும் அன்று போரிட்ட கிழவர்கள் கூடி, கல்சுவருக்கு மேலே கைகுலுக்கிக்கொண்டார்கள். அதே வருடம் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைக்கத் தொடங்கியது அதிபர் வில்சன் அரசு. மூலைக்கல் ஸ்டீபன்ஸ்? அவர் 1882இல் ஜார்ஜியா ஆளுநராகவே ஆகிவிட்டார். நாடு ஒன்றானது இப்படித்தான். 1963இல் கிங் பேரணி போனது திண்ணையிலிருந்துதான்.

ஃபிரேசியர் பேசிய அந்த வீடு சவானாவின் மேடிசன் சதுக்கத்தில் இன்னும் நிற்கிறது. அட்லாண்டாவிலிருந்து காரில் நாலு மணி நேரம். பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வண்டியை மருமகன் ஓட்டட்டும்.