ஒத்திவைப்பா, முடித்துவைப்பா? கேள்வி பதில்

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர்): மக்களவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு என்கிறார்கள். சில நாளில் கூட்டத்தொடர் முடித்துவைப்பு என்று இன்னொரு செய்தி. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஒத்திவைப்பது சபாநாயகர். நிற்பது அமர்வு மட்டும், தொடர் உயிரோடுதான் இருக்கும். அவரே சபையைத் திரும்பக் கூட்டலாம். முடித்துவைப்பு, அதாவது புரோரோக், அரசியலமைப்பின் 85(2) பிரிவின்படி குடியரசுத் தலைவர் செய்வது. மாநிலத்தில் 174(2) பிரிவின்படி ஆளுநர். அதோடு தொடர் முடிந்தது. மறுபடி கூட புதிய அழைப்பாணை வேண்டும். எந்தச் செய்தியானாலும் முதலில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்.

கேள்வி: நிலுவை மசோதாக்கள் செத்துவிடுமா?

பதில்: சாகாது, அரசியலமைப்பின் 107(3) பிரிவு அப்படிச் சொல்கிறது. பிரிட்டனில்தான், அடுத்த தொடருக்கு எடுத்துச்செல்ல தனியாக முடிவெடுக்காத மசோதாக்கள் விழுந்துவிடும். அந்த நாட்டுப் பாடத்தை இங்கே ஒட்டாதீர்கள். மக்களவையில் காலாவதியாவது அறிவிப்புகள். விதி 335-இன்படி, மசோதா அறிமுகம் செய்ய அனுமதி கோரும் அறிவிப்பு மட்டும் தப்பும். தனிநபர் தீர்மானத்துக்குக் கொடுத்த அறிவிப்பை உறுப்பினர் அடுத்த தொடரில் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: முடித்துவைத்தால் எம்.பி. பதவி போய்விடுமா?

பதில்: போகாது. போவது கலைப்பில்.

கேள்வி: இரண்டு தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிற கெடு முடித்துவைத்த தேதியிலிருந்தா?

பதில்: கடைசி அமர்விலிருந்து. மார்ச் 20 கடைசி அமர்வு என்றால், சபையை ஏப்ரல் 5-இல் முடித்துவைத்தாலும் கணக்கு மார்ச் 20-இலிருந்துதான் ஓடும்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர்): அவசரச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நல்ல கேள்வி. இரு அவைகளும் தொடரில் இருந்தால் 123-ஆம் பிரிவின்படி அவசரச் சட்டம் போட முடியாது. சபை ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது தொடரில் இருப்பதாகவே கணக்கு. அதனால் அவசரச் சட்டம் வேண்டும் என்றால் ஒரு அவையையாவது முடித்துவைத்தாக வேண்டும். 1968 மார்ச்சில் பஞ்சாபில் நடந்ததைப் படியுங்கள். நிதியாண்டு முடியும் நேரம், பட்ஜெட் நிறைவேறவில்லை. சபாநாயகர் பேரவையை இரண்டு மாதம் ஒத்திவைத்துவிட்டார். ஆளுநர் பேரவையை முடித்துவைத்து, நிதி அலுவல்களுக்காக அவசரச் சட்டம் போட்டு, பேரவையை அதே மாதத்தில் திரும்பக் கூட்டினார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்காக எந்த முடித்துவைப்பும் செல்லும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்ஜெட் நெருக்கடியும், சபையை உடனே கூட்டியதும் அந்த வழக்கின் உயிர்.

கேள்வி: 2022-இல் மேற்கு வங்கப் பேரவையை ஆளுநர் முடக்கினாரே, அது அத்துமீறல்தானே?

பதில்: முடக்கவில்லை, முடித்துவைத்தார். பிப்ரவரி 12 உத்தரவு அது. அப்போதைய தமிழக முதல்வர் ஸ்டாலின் அதை மரபுக்கு எதிரானது என்று கண்டித்தார். மாநில அரசின் கோரிக்கைப்படியே செய்தேன் என்று ஆளுநர் தன்கர் பதில் சொன்னார்.

கேள்வி (அவரே): உத்தரவில் ஆளுநர் பெயர்தானே இருக்கிறது?

பதில்: எப்போதும் அப்படித்தான் இருக்கும். கையெழுத்துக்குப் பின்னால் அமைச்சரவையின் ஆலோசனை இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. ஆலோசனை இருந்தால் அது வழக்கமான நடைமுறை. ஆலோசனையை மீறி, தன்னிச்சையாகச் செய்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். ஆளுநரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்கள் நடைமுறையைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நியாயமான எதிர்ப்பும் ஒரே பதிலில் அடிபட்டுப் போகும்.

கேள்வி (வேறொருவர்): முடித்துவைக்காமலே விட்டால் அரசுக்கு என்ன லாபம்?

பதில்: ஆண்டின் முதல் தொடர் ஆளுநர் உரையோடு தொடங்க வேண்டும். பழைய தொடர் நீடித்தால், உரை தேவையில்லை என்று அரசு வாதிடலாம். 2022 மார்ச்சில் தெலங்கானா பட்ஜெட் தொடரில் தமிழிசை சௌந்தரராஜனின் உரை இல்லாமல் போனது இப்படித்தான். ஆளுநரோடு அரசுக்கு எத்தனை மோதல் இருந்தாலும், இந்தக் குறுக்குவழி எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: நீதிமன்றம் இதில் தலையிட முடியுமா?

பதில்: பிரிட்டனில் தலையிட்டது. 2019-இல் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனையில் ஐந்து வாரத்துக்கு நாடாளுமன்றம் முடித்துவைக்கப்பட்டது. செப்டம்பர் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றனர். தகுந்த காரணமில்லாமல் நாடாளுமன்றத்தின் பணியைத் தடுத்தது என்பதே அடிப்படை. மறுநாளே சபை கூடியது.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2018-இல் எங்கள் பாராளுமன்றம்?

பதில்: அக்டோபர் 27-இல் அப்போதைய இலங்கை ஜனாதிபதி சிறிசேன செய்தது முடித்துவைப்பு. அரசியலமைப்பின் 70-ஆம் உறுப்புரையில் இதற்கு இரண்டு மாத உச்சவரம்பு உண்டு. நவம்பர் 9-இல் செய்தது கலைப்பு. டிசம்பர் 13-இல் உயர் நீதிமன்றம் (இலங்கையில் உச்ச நீதிமன்றத்தின் பெயர் அது) செல்லாது என்றது அந்தக் கலைப்பைத்தான்.

கேள்வி: ஒத்திவைப்பும் முடித்துவைப்பும் ஒன்றா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு தொடர் உண்மையிலேயே முடித்துவைக்கப்பட்டதா என்று எங்கே பார்ப்பது?

பதில்: மக்களவை என்றால் அதன் செய்தி அறிக்கை, பகுதி 2. தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியை நம்பாதீர்கள். மாநிலத்துக்கு அரசிதழ். உத்தரவின் தேதியையும் கடைசி அமர்வின் தேதியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.