டெல்லியில் மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வீண்தானா?

வீண் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தொகுதியில் போட்டி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது.

நம்மவர்கள் வசிக்கும் ஜங்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 சட்டமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா பாஜகவிடம் தோற்றது வெறும் 675 ஓட்டில். மூன்றாவதாக வந்த காங்கிரஸ் வாங்கியதோ 7,000-க்கும் மேல். உடனே ‘ஓட்டைப் பிரித்துவிட்டார்கள்’ என்ற புலம்பல். காங்கிரஸ் நிற்காவிட்டால் அத்தனை பேரும் சிசோடியாவுக்கே போட்டிருப்பார்கள் என்று யார் கண்டது? சிலர் வாக்குச்சாவடிப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

சரி, இதே ஆம் ஆத்மி 2013-ல் புதிதாக வந்த மூன்றாவது கட்சிதானே? ‘இவர்கள் எங்கே ஜெயிக்கப் போகிறார்கள்’ என்று ஒதுங்காமல் மக்கள் போட்டதால், முதல் தேர்தலிலேயே 70-ல் 28 இடம் பிடித்தது.

ஜெயிக்காத ஓட்டுக்கும் கணக்கு உண்டு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் தப்பும். மாநில அளவில் 8 சதவீதம் கிடைத்தால், ஒரு இடம்கூட இல்லாமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு. நாம் தமிழர் கட்சிக்கு 2024 மக்களவைத் தேர்தலில் நடந்தது அதுதான்.

என்னைக் கேட்டால், இழுபறித் தொகுதியில் ஒருவர் வரவே கூடாது என்று நினைத்தால் மட்டும் இரண்டு பெரிய கட்சிகளுக்குள் தேர்ந்தெடுங்கள். மற்றபடி பிடித்தவருக்கே போடலாம்.