கேம் ஆடும்போது மட்டும் சிஸ்டம் ஆஃப் ஆகுது, விண்டோஸ் ஃபார்மேட் பண்ணினா சரியாகுமா?

பிரவுசிங், ஆபீஸ் வேலை எல்லாத்துக்கும் நல்லா ஓடுற சிஸ்டம் கேம் போட்டா மட்டும் பொட்டுனு ஆஃப் ஆகுது, யூபிஎஸ்ல தான் போட்டிருக்கேன், கடையில ஃபார்மேட் பண்ணச் சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இப்போ பண்ணாதீங்க. இதே பிரச்சினைக்கு ஃபார்மேட் பண்ணி, புது ரேம் வாங்கிப் போட்டு, மூணு மாசம் அலைஞ்சிருக்கேன், ரெண்டுமே தேவைப்படாத வேலை. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல எப்படி நிக்குதுன்னு பாருங்க. ஃபேன், லைட் எல்லாம் ஒரே அடியா அணைஞ்சா அது பெரும்பாலும் கரண்ட் இல்லன்னா சூடு சம்பந்தப்பட்டது, விண்டோஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. கேம் மட்டும் மூடிக்கிட்டு டெஸ்க்டாப் வந்துச்சுன்னா கிராபிக்ஸ் டிரைவர், ரேம், கேம் ஃபைல் இந்தப் பக்கம் தேடணும். நீல ஸ்கிரீன் வந்தா கீழ இருக்கிற ஸ்டாப் கோடை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

நீங்க சொல்றது முதல் வகை, என்னோடதும் அதேதான். ஸ்டார்ட் மெனுல ஈவென்ட் வியூவர்னு டைப் பண்ணி, விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம்னு இருக்கிறதைத் திறங்க. சிவப்புல கெர்னல்-பவர் 41ன்னு ஒன்னு இருக்கும், அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி) போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, சிஸ்டம் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும் தான் அது சொல்லுது, காரணத்தைச் சொல்லாது. டீடெயில்ஸ்ல பக்செக் கோடுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது 0ன்னு இருந்தா நீல ஸ்கிரீன் எதுவும் பதிவாகலன்னு அர்த்தம், அதாவது சப்ளை போயிருக்கு இல்லன்னா மொத்தமா உறைஞ்சு போயிருக்கு. பக்கத்துலயே 6008ன்னு ஒரு பதிவு இருக்கும், அதுல முந்தின தடவை எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு போட்டிருக்கும். எனக்கு உதவினது அதுதான். அந்த நேரத்தையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதினேன், பதினோரு தடவைல ஒன்பது தடவை சாயங்காலம் 6:30ல இருந்து 8 மணிக்குள்ள. ஞாயித்துக்கிழமை பகல் பூரா அதே கேமை ஆடியிருக்கேன், ஒன்னும் ஆகல. சூடா இருந்தா மே மாச மத்தியானத்துல தானே நிக்கணும்?

அதுக்கப்புறம் ஒரு நாள் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு ஆடினேன். எங்க தெருவுல அந்த நேரத்துல தான் தண்ணி வரும், வரிசையா எல்லா வீட்லயும் மோட்டார் போடுவாங்க, ட்யூப்லைட் ஒரு தடவை மங்கிச்சு, யூபிஎஸ் உள்ள பேட்டரிக்கு மாறுற டக்குனு ஒரு சத்தம், சிஸ்டம் அவுட்.

என்னோடது 600 விஏ யூபிஎஸ், ஆனா வாட் கணக்குல அது 360 தான், டப்பா மேல பெருசா போட்டிருக்கிறது விஏ, நாம பார்க்க வேண்டியது வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும், அதோட பிராசசர், மதர்போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்த்தா கேம் ஓடும்போது 300 பக்கம் வந்துடும். சும்மா பிரவுசிங்ல அதுல கால்வாசி தான், அதனால கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்கிடுது, நமக்கும் யூபிஎஸ் நல்லாதான் இருக்குன்னு தோணிடுது. திறந்து பார்த்தா உள்ள இருக்கிற 12 வோல்ட் பேட்டரி ரெண்டு பக்கமும் உப்பியிருந்துச்சு, மூணு வருஷப் பழசு. அந்த பேட்டரி மேல திடீர்னு 300 வாட் விழுந்தா வோல்டேஜ் அப்படியே இறங்கி யூபிஎஸ்ஸே கட் பண்ணிடுது. 600 வாட் தாங்குற யூபிஎஸ் மாத்தினேன், அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நிக்கல.

யூபிஎஸ் காரணம் இல்லன்னு ஆயிடுச்சுன்னா அடுத்து கேபிள். கிராபிக்ஸ் கார்டுக்குப் போற ஒரு 8 பின் கனெக்டருக்கு 150 வாட் தான் கணக்கு, கார்டுல ரெண்டு கனெக்டர் இருந்தா ஒரே கேபிள்ல இருக்கிற ரெண்டு தலையையும் சொருகாம எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனித்தனி கேபிள் இழுங்க.

சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேரைப் போட்டு லாகிங் ஆன் பண்ணிட்டு ஆடுங்க, நின்னதுக்கப்புறம் ஃபைலோட கடைசி வரியில டெம்பரேச்சர் எவ்வளவுன்னு பார்க்கலாம். கூலர் ஃபேனைக் கழட்டினா ஹீட்சிங்க் தகடு மேல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, வேகமா சுத்த விட்டா பேரிங் கெட்டுடும்.

ரேம் மேல சந்தேகம்னா பயாஸ்ல (சிஸ்டம் ஆன் ஆகும்போது வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்கை, ஆஃப் பண்ணிப் பாருங்க, ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ஓட விடுங்க, ஒரு எரர் வந்தாலும் விடாதீங்க. இதுக்குக் காசே ஆகாது, இதைப் பண்ணாம தான் நான் ரேம் வாங்கினேன்.

இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் ஐ7, ஐ9 வச்சிருக்கிறவங்க மட்டும் தனியா கவனிக்கணும். கார்டுல மெமரி காலியா இருக்கும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி'ன்னு சொல்லி கேம் மூடினா கார்டைக் குறை சொல்லாதீங்க, பிராசசருக்கு வோல்டேஜ் அதிகமா போற பிரச்சினையை 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு ஆகஸ்ட்ல மைக்ரோகோட் அப்டேட் (பிராசசருக்குள்ள ஓடுற புரோகிராமுக்கான திருத்தம், பயாஸ் அப்டேட்டோட வரும்) விட்டாங்க, வாரண்டியையும் 2 வருஷம் கூட்டினாங்க. பயாஸ் அப்டேட் இனிமே கெடாம காப்பாத்தும், ஏற்கனவே கெட்ட பிராசசரைச் சரி பண்ணாது, அதை வாரண்டில மாத்தித் தான் ஆகணும்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரே வேலை தான். இன்னைக்கு சாயங்காலம் யூபிஎஸ்ஸை விட்டுட்டு நேரா சுவர் பிளக்ல போட்டு, வழக்கமா நிக்கிற நேரத்துல அதே கேமை ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்க. கரண்ட் போனா போயிடும், அதனால அப்பப்போ சேவ் பண்ணிக்கோங்க.