தாங் அரண்மனையில் பழி தீர்ப்பது எப்படி?

கேள்வி: தாங் வம்சத்துச் சீன அரண்மனையை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகியின் தந்தை அமைச்சர். ராஜத்துரோகி என்று பொய்ப்பழி சுமத்தி அவரைக் கொன்றுவிடுகிறார்கள். மகள் தப்பி ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, அந்தப்புரத்தில் ஆசைநாயகியாக நுழைகிறாள். பேரரசரின் மருந்தில் நஞ்சு கலந்து பழி தீர்க்கிறாள். இடையே பட்டத்து இளவரசனோடு காதல். பதினெட்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. சீனத் தொடர்கள் பார்த்துப் பழகிய வாசகர்கள் இதை நம்புவார்களா? எங்கெங்கே திருத்த வேண்டும்?

பதில்: உங்கள் கதாநாயகி அரண்மனைக்குள் நுழைய இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அரசாங்கமே வந்து இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

653இல் உரையோடு வெளியான தாங் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ராஜத்துரோகம் செய்தவனுக்குத் தலை போகும். அவனுடைய தந்தைக்கும், பதினாறு வயது நிரம்பிய மகன்களுக்கும் தூக்குக் கயிறு. பதினைந்துக்கு உட்பட்ட மகன்கள், தாய், மனைவி, மகள்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வீடு, நிலம், பண்டபாத்திரங்களோடு சேர்த்து அரசின் உடைமை. அப்படிப் பறிமுதலான பெண்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் யெதிங். தலைநகர் சாங்கானில், அரண்மனையின் மேற்குப் பக்கத்தில் இருந்த பகுதி அது. தைப்பதும் நெய்வதும் அங்கே அன்றாட வேலை. எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஆக, தப்பி ஓடும் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தயங்காமல் வெட்டலாம். தந்தையைக் கொன்றவர்களின் வீட்டுக்குள்ளேயே, அவர்கள் போடும் சோற்றைத் தின்று வளரும் பெண் என்பது நீங்கள் எழுதியிருப்பதைவிடக் கனமான தொடக்கம்.

இது வெறும் கற்பனையும் அன்று. 664இல் பேரரசர் காவோசோங், மனைவி வூவின் கை ஓங்குவதைப் பொறுக்காமல், அவரைப் பதவியிலிருந்து நீக்கும் ஆணையை எழுதச் சொல்லி அமைச்சர் ஷாங்குவான் யீயிடம் பொறுப்பைக் கொடுத்தார். அமைச்சரும் எழுதினார். பேரரசி வூவுக்கு அரண்மனை முழுக்கக் காதுகள். அவர் ஓடோடி வந்தபோது ஆணையின் வரைவு இன்னும் பேரரசரிடமே இருந்தது. காவோசோங் வெலவெலத்துப்போய், தனக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை, எல்லாம் ஷாங்குவான் யீ சொல்லிக்கொடுத்தது என்று கையைக் கழுவிவிட்டார். அமைச்சரும் மகனும் துரோகிகளாகி உயிரிழந்தார்கள். அந்த மகனுக்கு அந்த ஆண்டுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வான்அர். தாயோடு சேர்த்துக் கைக்குழந்தையையும் யெதிங்குக்குக் கொண்டுபோனார்கள்.

வான்அர் அங்கேயே படித்தாள். பதினான்காம் வயதில் (சீனர் வழக்கப்படி, பிறக்கும்போதே ஒரு வயது) பேரரசி வூ அவளை அழைத்து எழுதச் சொல்லிப் பார்த்தார். எழுத்து பிடித்துப்போயிற்று. அன்று முதல் தாத்தாவையும் தந்தையையும் கொன்றவருக்கே ஆணைகள் எழுதிக்கொடுக்கும் வேலை. ஒருமுறை சொல் மீறியதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. திறமைக்காக உயிரை விட்டுவைத்து, முகத்தில் மட்டும் குற்றவாளிக்குரிய பச்சையைக் குத்தினார்கள் என்று வரலாற்று நூல் சொல்கிறது. வான்அர் பழி வாங்கினாளா? இதற்குப் பிறகு வருகிறேன். அதற்குள் உங்கள் நஞ்சைக் கவனிப்போம்.

பேரரசரின் மருந்தில் நஞ்சு கலப்பது தொடர்களில் சுலபம். தாங் நடைமுறையில், மருந்து தயாரானதும் அரச மருந்தகத்தின் தலைவர் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, அரண்மனை நிர்வாகத்தின் தலைவர். மூன்றாவதாகப் பட்டத்து இளவரசர். அதற்கும் பிறகுதான் பேரரசர். மருந்துச் சீட்டில் உள்ளபடி கலக்காமல் தவறுதலாகப் பிசகினாலே வைத்தியருக்குத் தூக்கு. உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தின்படி, பேரரசரின் உதடு படுவதற்கு முன் அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்கப்போகிறவன் கதாநாயகியின் காதலன். தெரிந்து எழுதியிருந்தால் உங்களைக் கும்பிடுகிறேன். தெரியாமல் எழுதியிருந்தாலும் இப்போது கையில் ஒரு காட்சி கிடைத்துவிட்டது: கலந்தாயிற்று, கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போகிறது, வரிசையில் மூன்றாவதாக அவன் நிற்கிறான்.

அடுத்தது காதல். இங்கேதான் பெரிய ஓட்டை. பேரரசரின் துணைவியாக ஒருத்தி பதிவேட்டில் ஏறிவிட்டால் இளவரசனுக்கு அவள் தாய் முறை. தந்தையின் துணைவியோடு உறவு கொள்வது மன்னிப்பில்லாத பத்துப் பெருங்குற்றங்களில் ஒன்று. தண்டனை, தூக்கு. "ஆனால் வூ அப்படித்தானே செய்தார்?" என்று கேட்பீர்கள். செய்தார்தான். பேரரசர் தாய்சோங்குக்கு ஐந்தாம் நிலைத் துணைவியாக இருந்தவர், அவர் 649இல் இறந்ததும் தலையை மழித்துப் பௌத்த மடத்துக்குப் போனார். அங்கிருந்து மகன் காவோசோங்கின் அந்தப்புரத்துக்குத் திரும்பி 655இல் பேரரசி ஆனார். இதில் வேடிக்கை, அவரை உள்ளே கொண்டுவர முனைந்தவரே அப்போதைய பேரரசி வாங். கணவரின் மனம் இன்னொரு துணைவியான சியாவோவிடம் போயிருந்ததால், அதைத் திருப்ப இந்தத் துறவிப் பெண்ணின் தலைமுடியை வளர்க்கச் சொன்னார். பிறகு வாங், சியாவோ இருவரின் கதையையும் முடித்தவர் வூதான். அடுத்த பிறவியில் தான் பூனையாகவும் வூ எலியாகவும் பிறக்க வேண்டும், அந்தக் கழுத்தைக் கடிக்க வேண்டும் என்று சியாவோ சபித்ததாகவும், அதன் பிறகு அரண்மனையில் பூனையே வளர்க்க விடவில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் பேரரசி வூவின் வழி ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது. உங்கள் கதாநாயகிக்கு அதைத் தர வேண்டாம்.

அவளைத் துணைவியாக ஆக்காமல் அரண்மனைப் பெண் அதிகாரியாக ஆக்குங்கள். உடை, உணவு, படுக்கையறை, கைத்தொழில் என்று உள் அரண்மனையைப் பிரித்து நடத்த ஆறு பெண் அலுவலகங்கள் இருந்தன. யெதிங்கில் எழுதக் கற்றவள் அங்கே வந்து சேர்வது இயல்பு. பேரரசரின் படுக்கைக்குப் போகாதவரை இளவரசன்மீது அவள் வைக்கும் ஆசை ஆபத்தானதாக இருக்குமே தவிர, உடனே கழுத்தை இறுக்காது.

என்னைக் கேட்டால் இளவரசனையே விட்டுவிடுவேன். அதே சட்டத் தொகுப்பில் இன்னொரு விதி இருக்கிறது. துரோகியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தால் அவள் மாப்பிள்ளை வீட்டைச் சேர்ந்தவள், தந்தையின் தண்டனை அவளைத் தொடாது. நிச்சயம் என்பதற்கு என்ன அடையாளம்? சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் பரிசம் வாங்கியிருந்தாலும் போதும். எவ்வளவு பரிசம் என்பதற்கு அளவே இல்லை. ஓர் அடி பட்டுத் துணி கைமாறியிருந்தாலும் நிச்சயம்தான். ஆனால் சோறும் மதுவும் பரிசக் கணக்கில் சேராது. யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பேசி, விருந்து சாப்பிட்டுவிட்டு, "பட்டை நல்ல நாள் பார்த்து அனுப்புகிறோம்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அந்த வாரமே தந்தை கைதாகிறார். ஓர் அடித் துணி அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது. அந்த இளைஞன் பிறகு ஒரு சிறிய அதிகாரியாக அரண்மனை வாசலில் வந்து நின்றால், எந்த இளவரசனும் அவனுக்கு ஈடாக மாட்டான்.

அவர்கள் எப்படிச் சேதி பரிமாறிக்கொள்வார்கள் என்றால், அதற்கும் ஒரு பழங்கதை உண்டு. எல்லை வீரர்களுக்காக அரண்மனைப் பெண்கள் தைத்த பட்டுப்பஞ்சு அங்கி ஒன்றில், ஒரு வீரனுக்குக் கவிதைச் சீட்டு கிடைத்தது. கூடுதலாக நூல் ஓட்டி, கூடுதலாகப் பஞ்சு வைத்தேன், இந்தப் பிறவிதான் போயிற்று, அடுத்த பிறவியில் சேருவோம் என்று எழுதியிருந்தவள் யாரோ. அவன் பயந்துபோய்த் தளபதியிடம் கொடுத்தான். சீட்டு பேரரசர் சுவான்சோங் வரை போயிற்று. எழுதியவள் முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இந்தப் பிறவியிலேயே சேர்த்துவைக்கிறேன் என்று சொல்லி அவளை அந்த வீரனுக்கே கட்டிக்கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, தாங் காலத்தவர் தங்களுக்குள் ஆசையாகச் சொல்லிக்கொண்ட கதை.

இனி பழி. தந்தையைக் கொன்றவனோடு ஒரே வானத்தின் கீழ் வாழக் கூடாது என்பது பழைய சடங்கு நூலின் வாக்கு. ஆனால் சட்டம் கொலையைக் கொலையாகவே பார்த்தது. 811இல் தந்தையைக் கொன்றவனைக் கொன்றுவிட்டுத் தானே சரணடைந்த லியாங் யுவே என்பவனுக்கு நூறு அடியும் நாடுகடத்தலும் கிடைத்தன. அவன் கொன்றது சாதாரண மனிதனை. உங்கள் கதையில் கொலைகாரன் பேரரசனே. அவனைக் கொன்றால் அவளுடைய தந்தை துரோகி என்பது உறுதியாகிவிடும்! மகளும் அதே புத்தி என்று ஊர் சொல்லும். தீர்ப்பு அப்படியே நிற்கும்.

எனவே அவள் கொல்ல வேண்டியது அந்தத் தீர்ப்பை. 686இல் பேரரசி வூ ஒரு வெண்கலப் பெட்டியை வைத்தார். நான்கு பக்கமும் நான்கு வாய். கிழக்கே பதவி கேட்பவர்களுக்கு, தெற்கே ஆட்சியைக் குறை சொல்பவர்களுக்கு, மேற்கே அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கு, வடக்கே சகுனமும் ரகசியமும் சொல்பவர்களுக்கு. போட்ட தாளைத் திரும்ப எடுக்க முடியாது. பெட்டியை வடிவமைத்த யூ பாவோஜியாமீதே அதற்குள் ஒரு புகார் விழுந்து அவர் தலை போயிற்று. உங்கள் கதாநாயகி மேற்கு வாயில் போடப்போகும் தாளில் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாக் கடிதத்துக்கு இரண்டாயிரம் லீ தூரத்துக்கு நாடுகடத்தல். அதைக் கண்டெடுத்தவர் உடனே எரித்துவிட வேண்டும், அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் ஓராண்டுக் கடுங்காவல். பெயர் போட்டு எழுதிய குற்றச்சாட்டு பொய் என்றாகிவிட்டால், எதிராளிக்கு என்ன தண்டனையோ அது எழுதியவளுக்கு. கத்தியைவிடக் கூர்மையான ஆபத்து இது, ஐந்து அத்தியாயங்களுக்குத் தாங்கும்.

வான்அர் செய்ததும் ஏறக்குறைய இதுதான் என்பது என் கணிப்பு. 705இல் வூவின் ஆட்சி முடிந்து மகன் ஜோங்சோங் அரியணைக்குத் திரும்பியதும், இரண்டாம் நிலைத் துணைவி என்ற பட்டம் பெற்று, அரச ஆணைகள் எழுதும் பொறுப்பில் வான்அர் இருந்தாள். அவளை முன்னிட்டு ஷாங்குவான் யீக்கு இறந்தபின் தலைமை அமைச்சர் பதவியும் பிரபுப் பட்டமும் வழங்கப்பட்டன. நாற்பதாண்டுக்கு மேல் துரோகியாக இருந்தவர் ஒரு தாளில் மறுபடியும் அமைச்சரானார். கத்தி எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கடைசி அத்தியாயத்துக்கு, விருப்பமிருந்தால், அவளுடைய முடிவையே வைத்துக்கொள்ளுங்கள். 710இல் இளவரசர் லீ லோங்ஜி, பின்னாளில் சுவான்சோங் ஆனவர், இரவில் அரண்மனைக்குள் படையோடு புகுந்தார். வான்அர் மெழுகுவர்த்தி ஏந்திய அரண்மனைப் பெண்களோடு வாசலுக்கு வந்து எதிர்கொண்டாள். கையில், இறந்த பேரரசரின் பெயரில் தான் எழுதிய உயில் ஆணையின் வரைவு. லீ லோங்ஜியின் தந்தைக்கு ஆட்சியில் இடம் கொடுத்து எழுதியிருந்தாள். அதைப் படித்த அதிகாரி அவளுக்காகப் பரிந்து பேசினார். லீ லோங்ஜி கேட்கவில்லை. கொடியின் கீழே தலையை வெட்டினார்கள்.

2013இல் சியான்யாங் அருகே அவளுடைய கல்லறை கிடைத்தது. கல்லறை இடிந்து சிதைந்திருந்தது, கல்வெட்டு மட்டும் தப்பியிருந்தது. பேரரசி வூவின் மகள் தாய்பிங் துக்கத்தோடு 500 சுருள் பட்டு அனுப்பினாள் என்று அதில் இருக்கிறது. தாத்தாவைக் கொன்ற வீட்டுப் பெண் அனுப்பிய பட்டு.