கேளுங்கள், கடலைப் பற்றி

கேள்வி: ஐயா, மார்கழிக் கடலுக்குப் பின் வல்வெட்டித்துறைக் கரையில் கால்பந்தைவிடப் பெரிய வெள்ளைப் பந்து ஒன்று ஒதுங்கியது. அடியில் அறுந்த கம்பி. எங்கள் பெடியன் உடைத்துப் பார்க்க நிற்கிறான். குண்டா?

பதில்: குண்டு இல்லை தம்பி. ஆனால் சுத்தியலை முதலில் அவனிடமிருந்து வாங்கி வையுங்கள். உள்ளே பற்றரிகள் உண்டு. அடைபட்ட வாயு வெடிக்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஆய்வு மிதவை. அந்தக் கம்பியில் ஓட்டைகள் போட்ட நீண்ட துணிக்குழாய் ஒன்று தொங்கியிருக்கும், ராட்சதனின் காலுறை போல. அதன் நடுப்பகுதி 15 மீற்றர் ஆழத்தில் நிற்கும். சூட்சுமமே அதில்தான்: பந்தைக் காற்று தள்ளப் பார்த்தாலும் காலுறை நீரோட்டத்தோடுதான் இழுத்துச் செல்லும். காலுறை அறுந்தால் மிதவை வாடைக்காற்றின் சொற்படி ஆடும். பர்மாவின் மூங்கில் தெப்பங்களையே வடமராட்சியில் கொண்டுவந்து சேர்க்கும் கடலுக்கு இது ஒரு பாரமா?

இடத்தையும் நீரின் வெப்பநிலையையும் அது செய்மதிக்கு அனுப்பும். உலகக் கடல்களில் இத்தகையவை ஆயிரத்துக்கு மேல் அலைகின்றன.

நங்கூரமிட்ட மிதவைகள் வேறு சாதி. ஓரிடத்தில் நின்று காற்றையும் ஆழநீரையும் அளப்பவை. நிழலுக்கு மீன் கூடும் என்று அவற்றில் வள்ளம் கட்டுவோர் உண்டு. இளவயதில் நானும் கட்டியிருப்பேன், கண்ணில் பட்டிருந்தால்.

பந்தில் இலக்கம் பொறித்திருக்கும். படம் எடுத்துக் கடற்றொழில் திணைக்களத்தில் கொடுங்கள். என் மாமா வீட்டில் இப்படியொன்று கோழிக்கூட்டின் மேல் பல வருடம் கிடந்தது.